இருவாச்சியும் இரட்டை வேலை இயந்திரமும்

மேகங்கள் இறங்கி வந்து மரக்கிளைகளில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போகும் ஒரு காட்டில், மின்சாரம் இருந்தது. ஓடையின் குறுக்கே நீர்நாய்கள் ஒரு சக்கரம் அமைத்திருந்தன. தண்ணீர் அதை ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கம்பிகள், கொடிகளோடு கொடியாக, மரத்துக்கு மரம் போயின.

அந்தக் காட்டிலேயே உயரமான மரத்தில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடியிருந்தன. ஆண் பறவையின் பெயர் பொன்னலகன். பெண் பறவையின் பெயர் வெண்விழி.

இருவாச்சிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியுமா, குழந்தைகளே? முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை ஒரு மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். பொந்தின் வாயை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டுமே மிச்சம். உள்ளே அதன் பழைய சிறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கும். அதுவரை அதனால் பறக்க முடியாது. குஞ்சு பொரிந்து வளரும்வரை மாதக்கணக்கில் ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டும் பழங்கள்தான் சாப்பாடு.

வெண்விழிக்கு இது முதல் முறை. கீறல் வழியாக அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்மரத்தின் பட்டை, அதுவும் ஓர் இலை அகலத்துக்கு.

வெளியே என்ன நடக்கிறது என்று அவள் தினமும் கேட்பாள். பொன்னலகன் நல்லவன். ஆனால் எதைக் கேட்டாலும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொல்பவன். அத்தி பழுத்ததா என்றாலும் அதே பதில். குரங்குகள் சண்டையை நிறுத்தினவா என்றாலும் அதே பதில். நாளாக ஆக வெண்விழி கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். பழத்துக்கு அலகை நீட்டுவாள், வாங்கிக்கொண்டு உள்ளே திரும்பிவிடுவாள்.

ஒரு காலையில் அவளாகவே பேசினாள்.

"நீங்கள் சொல்வது காதுக்குப் போதும். கண்ணுக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே. காடு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிடும் போலிருக்கிறது."

பொன்னலகனுக்கு அன்று இரை தேடப் போக மனம் வரவில்லை. யோசித்துக்கொண்டே பக்கத்து மரத்துக்குப் பறந்தான். அங்கே மலையணில் இருந்தது.

மலையணில் எதையும் ஒரே இடத்தில் வைக்காது. தூங்க ஒரு கூடு, கொட்டைகளுக்கு ஒரு கூடு, பிரிண்டருக்கு ஒரு கூடு, ஸ்கேனருக்கு வேறொரு மரத்தில் வேறொரு கூடு. ஸ்கேனர் என்பது கண் போல. தன் கண்ணாடிமேல் வைத்ததைப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். பிரிண்டர் கை போல. அந்த நினைவைத் தாளில் வரைந்து தரும். மலையணில் ஒரு மரத்தில் ஸ்கேன் செய்யும். படத்தைக் குட்டி பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதை வாயில் கவ்விக்கொண்டு அடுத்த மரத்துக்குத் தாவும். அங்கே பிரிண்ட் எடுக்கும். இந்தத் தாவலைப் பார்த்துக் காடே சிரிக்கும்.

இத்தனை அலைச்சல் எதற்கு என்று பொன்னலகன் கேட்டான். தனித்தனியாக இருந்தால்தான் தனக்குத் தூக்கம் வருகிறது என்றது மலையணில். அதற்குமேல் அதற்கும் சொல்லத் தெரியவில்லை.

பொன்னலகன் மேற்குச் சரிவைத் தாண்டிக் கரடியின் கடைக்குப் போனான். கரடி பொய் சொல்லாது. ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். ஒரு சொல் கூடுதலாகச் சொல்வதுகூட அதற்கு வீண்செலவு.

கடையின் ஒரு பக்கம் பிரிண்டரும் ஸ்கேனரும் தனித்தனியாக இருந்தன. ஸ்கேனர் சிலேட்டு மாதிரி மெல்லியதாக இருந்தது. மறுபக்கம் பளபளவென்று ஒரு பெரிய இயந்திரம். மூடியைத் திறந்தால் கண்ணாடி, வயிற்றில் தாள். இரண்டு வேலையையும் அது ஒன்றே செய்யும்.

பொன்னலகன் அந்தப் பெரியதைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்டான். ஸ்கேன் செய்யுமா? செய்யும் என்றது கரடி. பிரிண்ட் வருமா? வரும். வண்ணத்திலா? வண்ணத்தில்தான். மரத்துக்கு மரம் தாவ வேண்டுமா? வேண்டாம், ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். என் கிளைக்கவட்டில் இடம் குறைவு, அடங்குமா? இது அடங்கும், தனித்தனியாக வாங்கினால் இரண்டும் அங்கே அடங்காது என்றது கரடி. அதுவும் உண்மைதான்.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று கரடி காத்திருந்தது. பொன்னலகனுக்குக் கேட்க எதுவும் தோன்றவில்லை. உயரத்துத் தேனடைகளைக் காட்டித் தருவதாகச் சொல்லி இயந்திரத்தை வாங்கிக்கொண்டான். அதைத் தூக்கி வந்த குரங்குகளுக்கு மூச்சு வாங்கியது. கவட்டில் வைத்து, மேலே ஓலை வேய்ந்து, கம்பியை இணைத்தார்கள். கன கச்சிதமாக அடங்கியது.

முதலில் எதை வைப்பது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோதே ஒரு நீல வண்ணத்துப்பூச்சி வந்து கண்ணாடிமேல் உட்கார்ந்தது. பொன்னலகன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

கண்ணாடிக்கு அடியில் ஒரு வெளிச்சக் கோடு எழுந்தது. விடியும்போது மலை முகட்டில் தோன்றுமே, அப்படி ஒரு கோடு. அது மெதுவாக நகர்ந்து வண்ணத்துப்பூச்சிக்குக் கீழே போனது. ஒரு கணம் இறக்கைகள் உள்ளேயிருந்து எரிவதுபோல ஒளிர்ந்தன. கோடு மறுகரைக்குப் போய் அணைந்தது. வண்ணத்துப்பூச்சி ஒன்றும் நடக்காததுபோலப் பறந்துபோனது.

ஆனால் அது போகவில்லை. இயந்திரத்தின் வாயிலிருந்து தாள் வரத் தொடங்கியது. முதலில் இறக்கையின் நீல விளிம்பு. பிறகு கருங்கோடுகள். பிறகு வெள்ளைப் புள்ளிகள். பறந்துபோன பூச்சி, தாளில் அங்கேயே இருந்தது. வேடிக்கை பார்க்க வந்த குரங்குகள் ஒன்றின் தோளை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. 

பொன்னலகன் தாளைச் சுருட்டிக் கீறல் வழியாக உள்ளே தள்ளினான்.  காலை வெயில் கீறலுக்குள் நுழைவது கொஞ்ச நேரம்தான். அந்த வெயிலில் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதன் இறக்கையில் ஓடு வேய்ந்திருக்கிறது" என்றாள் கடைசியில். "துளித் துளியாக, வரிசை வரிசையாக. எத்தனை பூச்சிகளைத் தாண்டிப் பறந்திருக்கிறேன். ஒருநாளும் பார்த்ததில்லை."

அன்றிலிருந்து பொந்துக்குள் படங்கள் போயின. தவளை தன் வயிற்றைக் கண்ணாடியில் அழுத்தியது. குட்டிக் குரங்கு உள்ளங்கையை வைத்தது. ஒரு மழைத்துளி உடைவதற்குள் படமாகிவிட்டது. ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு வெண்விழி மறுபடி கேள்வி கேட்கத் தொடங்கினாள். சிரிக்கவும் செய்தாள்.

செய்தி பரவியதும் காட்டில் எல்லாருக்கும் தங்கள் படம் வேண்டியிருந்தது. குரங்குகள் முகத்தைக் கோணி வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுத்தன. மயில் தன் தோகையைப் பகுதி பகுதியாக எடுத்து ஒட்டிப் பார்த்தது. பொன்னலகன் யாருக்கும் மாட்டேன் என்று சொல்லவில்லை. மை குறைந்துகொண்டே வந்ததை அவன் கவனிக்கவும் இல்லை.

பிறகு மழைக்காலம் வந்தது. விடாமல் பெய்தது. பொந்துக்குள் முட்டை பொரியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நடுப்பகலில் மேற்குப் பக்கம் இடி போல ஒரு சத்தம் கேட்டது. இடி நின்றுவிடும். இது நிற்கவில்லை. மலையே தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்திருப்பதுபோல இருந்தது. உயர்ந்த மரம் அடியிலிருந்து நுனிவரை நடுங்கியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேற்குச் சரிவு, மரங்களோடும் பாறைகளோடும், நின்ற நிலையிலேயே கீழே இறங்கிப் போனது. அது இருந்த இடத்தில் சிவந்த மண் மட்டும் தெரிந்தது. அவ்வளவு பெரிய மலை அவ்வளவு சுலபமாக நகரும் என்று பொன்னலகன் அதுவரை அறிந்திருக்கவில்லை. சிறகை விரிக்கக்கூட மறந்து நின்றான்.

பொந்துக்குள்ளிருந்து வெண்விழியின் குரல் வந்தது. என்ன நடந்தது என்று கேட்டாள்.

"எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றான் பொன்னலகன். பழக்கத்தில் வந்துவிட்டது.

 பிறகு ஒரு சத்தம். டொக். டொக். டொக். வெண்விழி பொந்தின் சுவரை உள்ளிருந்து கொத்திக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் இதைத்தான் சொல்வீர்கள். மரம் நடுங்கியது. வெளியே யாருடைய குரலும் கேட்கவில்லை. எல்லாரும் இருக்கிறார்களா இல்லையா என்று என் கண்ணால் பார்க்காமல் என்னால் உள்ளே இருக்க முடியாது."

இரண்டு கிளைகளுக்குக் கீழே ஒரு மரநாய் படுத்திருந்தது. அது பொறுமைசாலி. மண் பூச்சு உடையும் சத்தம் கேட்டதும் மெல்லத் தலையைத் தூக்கியது. வெண்விழிக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை. சுவர் உடைந்தால் அவளும் முட்டையும் மரநாய்க்குத்தான்.

பொன்னலகன் இயந்திரத்திடம் பறந்தான். எல்லாரையும் கூப்பிட்டுப் படம் எடுத்து உள்ளே அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்தான். பொத்தானை அழுத்தினான். வெளிச்சக் கோடு எழவில்லை. ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. மை தீர்ந்திருந்தது.

பிரிண்ட் வராவிட்டால் போகட்டும், ஸ்கேன் செய்து பென் டிரைவில் ஏற்றினால் நீர்நாய்களின் பிரிண்டரில் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. நீர்நாய்கள் ஓடையில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று தினமும் அச்சடித்து ஒட்டுபவை. ஸ்கேன் பொத்தானை அழுத்தினான். அப்போதும் அதே சிவப்பு விளக்கு. மறுபடி அழுத்தினான். மறுபடியும் அதே.

மரத்தடியில் கரடி நனைந்தபடி நின்றிருந்தது. சரிவு இறங்கியபோது அது இந்தப் பக்கம் வந்திருந்தது. கடையும் மையும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன.

"மை இல்லை, பிரிண்ட் வராது. அது புரிகிறது" என்றான் பொன்னலகன். "பார்ப்பதற்கு மை எதற்கு, கரடியாரே?"

"பார்ப்பதற்கு மை வேண்டாம்தான். ஆனால் இந்த இயந்திரத்தில் ஒரு வேலை நின்றால் மற்றதும் நிற்கும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள்."

"வாங்கும்போது சொல்லவில்லையே."

"நீ கேட்கவில்லையே" என்றது கரடி. அதில் ஏளனம் இல்லை. அதன் குரலும் இறங்கித்தான் இருந்தது.

மேலே டொக், டொக் என்ற சத்தம் நிற்கவில்லை. மண் உதிர்ந்து இலைகளில் விழுந்தது.

அப்போதுதான் மலையணில் வந்தது. உடம்பெல்லாம் சேறு. அதன் பிரிண்டர் இருந்த மரம் சரிவோடு போய்விட்டது. தூங்கும் கூடும் போய்விட்டது. ஸ்கேனர் இருந்த மரம் மட்டும் நின்றிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அது திரும்பி ஓடியது. கொஞ்ச நேரத்தில், சிலேட்டு மாதிரியான அந்த ஸ்கேனரைப் பல்லால் கவ்வி, கிளைக்குக் கிளை தாவிக் கொண்டுவந்து சேர்த்தது. ஸ்கேனருக்குள் சின்ன பாட்டரி ஒன்று இருந்தது. எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம்.

பொன்னலகன் அதைக் கால்களில் பற்றிக்கொண்டு மழையில் பறந்தான். மலையணில் கீழே மரங்கள் வழியாகக் கூடவே வந்தது. சரிவின் விளிம்பில், இன்னும் ஈரம் ஆறாத சிவந்த மண்ணுக்குப் பக்கத்தில், விலங்குகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றிருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் அவன் ஸ்கேனரை வைத்தான். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. குரங்கு உள்ளங்கையை வைத்தது. மான் குளம்பை வைத்தது. முயல் வைத்த காது நடுங்கிக்கொண்டே இருந்தது.

யானை காலைத் தூக்கியது. மிதித்தால் உடைந்துவிடும் என்று அதற்கே தெரிந்தது. காலை இறக்கிவிட்டு, துதிக்கையின் நுனியை மட்டும் பூ வைப்பதுபோலக் கண்ணாடிமேல் வைத்தது. வெளிச்சக் கோடு மெதுவாக அதன் அடியில் போனது. அந்த வெளிச்சம் யானையின் கண்ணில் தெரிந்தது.

கடைசியாகப் பொன்னலகன் கொஞ்சம் சிவந்த மண்ணை அள்ளிக் கண்ணாடிமேல் போட்டான். அதையும் படம் எடுத்தான்.

நீர்நாய்கள் சக்கரத்தை வெள்ளம் அடித்துப் போகாமல் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று ஓடிவந்து, ஸ்கேனரில் இருந்த பென் டிரைவை எடுத்துத் தன் பிரிண்டரில் செருகியது. அங்கே கறுப்பு மை மட்டும்தான். போதும் என்றான் பொன்னலகன்.

அவன் மரத்துக்குத் திரும்பியபோது பொந்தின் சுவரில் ஓர் ஓட்டை விழுந்திருந்தது. மரநாய் பக்கத்துக் கிளைக்கே வந்து, ஒரு கையை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. பொன்னலகன் சிறகுகளை மடக்கிக் கல் விழுவதுபோல விழுந்து அலகால் அடித்தான். மரநாய் கீழ்க்கிளைக்குத் தாவியது. போய்விடவில்லை. அங்கிருந்தே மேலே பார்த்தது.

பொன்னலகன் தாள்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினான்.

"வெண்விழி, மேற்குச் சரிவு முழுவதும் இறங்கிவிட்டது" என்றான். "மலையணிலின் வீடு போய்விட்டது. மூங்கில் புதர் போய்விட்டது. சருகுமானை இன்னும் தேடுகிறார்கள். மற்ற எல்லாரும் இதில் இருக்கிறார்கள். பார்."

கொத்தும் சத்தம் நின்றது.

உடைந்த ஓட்டை வழியாக முன்பைவிட அதிக வெளிச்சம் உள்ளே போனது. வெண்விழி குளம்பைப் பார்த்தாள். நடுங்கியதால் இரண்டாகத் தெரிந்த காதைப் பார்த்தாள். மண்ணைப் பார்த்தாள். அதிலேயே நெடுநேரம் கண் வைத்திருந்தாள். பிறகு துதிக்கை நுனியின் படத்தை எடுத்தாள். அதில் வற்றிப்போன ஆறுகளைப் போலக் கோடுகள் ஓடின. ஆறுகளுக்கு நடுவே மேடுகள், மேடுகளில் ஊசி மயிர்கள். ஓரத்தில் யானை விட்ட மூச்சு கண்ணாடியில் ஆவியாகப் படிந்து, அதுவும் படத்தில் விழுந்திருந்தது.

"இவ்வளவு பெரியவரின் மூச்சா இது" என்றாள் மெதுவாக. "என் பொந்துக்குள் வந்திருக்கிறதே."

அவள் அலகைத் திருப்பினாள். உள்ளே கிடந்த மண்ணைக் குழைத்து, ஓட்டையை அடைக்கத் தொடங்கினாள். வெளியே பொன்னலகன் களிமண்ணைக் கொண்டுவந்து கொண்டுவந்து கொடுத்தான். அந்தி சாயும்போது கீறல் மட்டும் மிஞ்சியது. மரநாய் எழுந்து, சோம்பல் முறித்து, வேறு மரம் தேடிப் போனது.

மறுநாள் சருகுமான் ஒரு பாறை இடுக்கில் கிடைத்தது. கால் நொண்டியது, ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை.

மழை ஓய்ந்து வழி திறந்ததும் பொன்னலகன் கரடியின் கடைக்குப் போனான். மை வேண்டும் என்றான். கரடி எடுத்துக் கொடுத்தது. அவன் போகாமல் நின்றான்.

"இப்போது கேட்கிறேன். அந்தப் பெரிய இயந்திரம் நின்றுபோனால் என்னிடம் என்ன மிஞ்சும்?"

"ஒன்றும் மிஞ்சாது" என்றது கரடி.

"தனித்தனியாக இருந்தால்?"

"பிரிண்டர் நின்றால் ஸ்கேனர் மிஞ்சும். ஸ்கேனர் நின்றால் பிரிண்டர் மிஞ்சும்."

கரடி சற்றுத் தயங்கியது. பிறகு யாரும் கேட்காமலே இன்னும் கொஞ்சம் பேசியது. நினைத்தபோது ஒரு தாளை நகல் எடுக்கும் சின்ன வீட்டுக்குப் பெரியது போதும், அதில் தவறில்லை, நம்பி இருக்கிற வேலை என்றால்தான் யோசிக்க வேண்டும் என்றது. அதன் வாழ்நாளில் அது பேசிய நீண்ட பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

பொன்னலகன் பெரிய இயந்திரத்தைத் தூக்கி எறியவில்லை. பிரிண்ட் எடுக்க வைத்துக்கொண்டான். கூடவே மெல்லிய ஸ்கேனர் ஒன்றும் வாங்கி, கவட்டுக்கு மேலே ஒரு கிளையில் தனியாகச் செருகி வைத்தான்.

சில நாட்களில் முட்டை பொரிந்தது. பொந்துக்குள்ளிருந்து மெல்லிய கீச்சுக் குரல் கேட்டது. காடு முழுக்க மரத்தடியில் கூடிவிட்டது. ஆனால் எந்த இருவாச்சிக் குஞ்சையும், அது வெளியே வரும்வரை, அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை. பிறந்த குஞ்சு எப்படி இருக்கும் என்று தாய்களுக்கு மட்டும்தான் தெரியும்.

வெண்விழி உள்ளிருந்து ஏதோ சொன்னாள். பொன்னலகன் ஸ்கேனரை எடுத்துக் கீறலோடு ஒட்டிப் பிடித்தான். மலையணில் மறுமுனையைத் தாங்கியது. உள்ளே வெண்விழி தன் குஞ்சை மெல்லக் கண்ணாடிப் பக்கம் நகர்த்தினாள். வெளிச்சக் கோடு மேலிருந்து கீழே இறங்கியது.

படத்தைப் பென் டிரைவில் ஏற்றிப் பெரிய இயந்திரத்தில் செருகியதும் தாள் வெளியே வந்தது. அதில் ஒரு சிறிய கால் இருந்தது. இறகு முளைக்காத தோலுக்கு அடியில் நரம்புகள் இளந்தளிரில் ஓடுவதுபோல ஓடின. விரல்கள் விரிந்து கண்ணாடியைப் பற்றப் பார்த்தன. இன்னும் கண்ணே திறக்காத ஒன்று, முதன்முதலாக வெளியுலகத்தைத் தொட்ட இடம் அது.

தாள் கைமாறிக் கைமாறி யானையிடம் வந்தது. யானை அதைத் தன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றது.  முயல் பின்னங்கால்களில் எழுந்து நின்றது. நேரம் போனது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

நீதி: ஒரு பொருளை வாங்கும்போது, அது என்னவெல்லாம் செய்யும் என்று மட்டும் கேட்காதே; அது நின்றுபோனால் உன் கையில் என்ன மிஞ்சும் என்றும் கேள்.